அரையடித் தளர்வு

என் கல்யாணத்தன்று மழை கொட்டியது. கிழக்குத் தாம்பரத்தில் நவம்பர் மாதத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஆலயத்து வாசலில், தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களிடமெல்லாம் என் அண்ணி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜனவரிக்குத் தள்ளிப் போட்டிருக்கலாம், நான்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். தேதி குறித்தது மாப்பிள்ளை வீட்டார். அண்ணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்தே அவர் அப்படித்தான். பால் திரிந்தால் பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்பார். அம்மாவுக்குச் சளி பிடித்தால் ஜன்னலைத் திறந்தது நான்தான் என்பார். ஆரம்பத்தில் எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் வசதியாகிவிட்டது.

ஒருநாள் நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, காயப்போட்டிருந்த மிளகாயெல்லாம் நனைந்து வீணாயிற்று. அம்மா சத்தம் போட்டுக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நான்தான் அத்தை, கவனிக்கல என்றார். நான் தலையைப் பின்னிக்கொண்டு குரோம்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா இன்னும் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

அண்ணி மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ரேடியோக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தார். தரையிலிருந்து பேசுவது கேட்கவில்லை என்று ஒரு விமானி சொன்னால், கோளாறு மேலேயா கீழேயா என்று வாதாடிக்கொண்டிருக்க அங்கே நேரம் கிடையாதாம். முதலில் தங்கள் கருவியைச் சோதித்துவிட்டுத்தான் மறுபேச்சு. முதல்ல நம்ம பக்கத்தைப் பார்த்துடணும் என்று அடிக்கடி சொல்வார். வேலைக்கு அது நல்ல பழக்கமாக இருந்திருக்கும். வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தபோது, எதிர்ப்பக்கத்தைச் சோதிக்க வேண்டிய அவசியமே எங்கள் யாருக்கும் வரவில்லை.

அண்ணன் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவன். அப்பா காலமான பிறகு கப்பலை விட்டுவிட்டுப் பல்லாவரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். ஊரில் எல்லோரும் மனை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவன் ஒரு பாய்மரப் படகு வாங்கினான். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரருடையது அது. ஃபைபர் உடம்பு, உள்ளே குனிந்து உட்காரும்படி சின்ன அறை, இரண்டு மாடி உயரத்துக்குப் பாய்மரம். கோவளத்தில் கழிமுகத்துக்கு உட்புறம் கட்டிப்போட்டிருந்தான். சூசை என்கிற மீனவர் அதைப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் படகில் அண்ணி ஒரே ஒரு தடவைதான் ஏறினார். கரையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தார். படகைத் திருப்ப வேண்டியதாகிவிட்டதே என்று அதற்கும் வருத்தப்பட்டார். ஆனால் அண்ணன் கடலுக்குப் போகும் நாட்களில் அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. படகுக்கு ரேடியோ வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். அதற்கு உரிமம் வாங்க அண்ணன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். பெட்டியை எங்கே பொருத்துவது என்பதை அவன் முடிவு செய்துகொண்டான். பாய்மர உச்சியில் ஆண்டெனா, அங்கிருந்து ரேடியோ வரைக்கும் கேபிள், இந்த இரண்டும் அண்ணியின் பொறுப்பு.

கேபிள் விஷயத்தில் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது. அண்ணன் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்து மெல்லிய கேபிள் ஒன்றை வாங்கி வந்திருந்தான். கனமானதைப் போட்டால் மரத்தின் உச்சியில் பாரம் ஏறும், படகு கூடுதலாகச் சாயும் என்பது அவன் கட்சி. அண்ணி அந்தக் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். இவ்வளவு நீளத்துக்கு இந்த ஒல்லிக் கேபிளைப் போட்டால் ரேடியோ அனுப்பும் சக்தியில் பாதி கேபிளுக்குள்ளேயே செத்துவிடும், துறைமுகத்துக்கு மீதிப் பாதிதான் போய்ச்சேரும் என்றார். கோவளத்துக்கு வெளியே ஏதாவது ஆபத்து என்றால் கூப்பிட வேண்டியது சென்னைத் துறைமுகத்தை. அந்தத் தூரத்துக்குப் பாதி சக்தி போதுமா போதாதா என்று கடலில் வைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது என்றும் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொண்டான். தன் வேலை விஷயத்தில் அண்ணி யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கேபிள் தேடப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு என்னையும் அழைத்துப் போனார். கோழிக்குஞ்சும் செடித்தொட்டியும் பழைய மின்விசிறியும் விற்கிற வரிசைகளைத் தாண்டி, ஒயர் குவியல்களுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கப்பலிலிருந்து கழற்றியது, தொழிற்சாலையில் மிஞ்சியது என்று எல்லாம் சுருள் சுருளாகக் கிடந்தன. அண்ணி கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு சுருளின் முனையிலும் மேல்தோலைச் சீவினார். உள்ளே கம்பிப் பின்னல் கறுத்திருந்தால் கீழே வைத்துவிடுவார். உப்புத்தண்ணீர் ஒரு முனையில் புகுந்தால் போதும், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும் என்றார். மேலே வெயிலில் வெளிறி அழுக்காகக் கிடந்த ஒரு தடித்த சுருளைச் சீவியபோது உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. செம்புக் கம்பிக்கு ஈயம் பூசியது, கடல் காற்றுக்குக் கறுக்காது. அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். கல்யாணப் புடவை பார்க்கும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சுருள் வழியை அடைத்ததற்காகக் கண்டக்டரிடமும், இறங்கி ஏறிய அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பாய்மரத்தைக் கரையில் படுக்கவைத்து வேலை நடந்தது. மரம் என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது உள்ளே பொள்ளலான அலுமினியக் குழாய். ஒரு கயிற்று முனையில் நட்டைக் கட்டி, மரத்தைச் சாய்த்து அதை உள்ளே உருட்டிவிட்டு, அந்தக் கயிற்றோடு கேபிளை இழுத்தார்கள். உச்சியில் கேபிளின் பாரம் ஆண்டெனாவை இணைக்கும் கனெக்டரில் தொங்கக்கூடாது என்று தனியாக ஒரு பிடி போட்டார் அண்ணி. கரையில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, கேபிள் முனையை ஈயம் உருக்கிக் கனெக்டரோடு பற்றவைத்தார். காற்று பட்டால் ஈயம் சட்டென்று குளிர்ந்துவிடும் என்று நான் குடையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். முதல் பற்றவைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் செய்தார். அதற்குமேல் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார்.

மரத்தை நிறுத்தியதும் அடியில் கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டார். மழைத்தண்ணீர் கேபிள் வழியாக அறைக்குள் இறங்காமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். அதற்கப்புறம், அடியில் கேபிளைக் கழற்றி மாட்டுவதற்கான கனெக்டர். மரத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் இதைக் கழற்றிவிட வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி, அவனை விட்டே ஒருமுறை கழற்றி மாட்டவைத்தார்.

அண்ணன் துறைமுகத்தைக் கூப்பிட்டான். உடனே பதில் வந்தது. கரையில் நின்ற எங்களுக்கே வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சூசை தலையை ஆட்டிக்கொண்டே, "பக்கத்து வூட்ல குந்திகினு பேசற மாதிரி கீதே" என்றார். அண்ணி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி, சத்தம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு என்று குறைபட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, நானும் அண்ணனும் மாமல்லபுரம் வரை போய்வரக் கிளம்பினோம். அன்று போகவேண்டும் என்று நச்சரித்தது நான்தான். அண்ணனுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. காற்று சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். நான் விடவில்லை.

திரும்பும் வழியில் காற்று பலத்தது. படகின் பின்பக்கத்துச் சுக்கானைப் பிடித்திருந்த ஆணி ஒன்று முறிந்தது. அண்ணன் குப்புறப் படுத்து, கையை வெளியே நீட்டி அதைச் சரிசெய்யப் பார்த்தான். அலை ஒன்று சுக்கானைத் திருப்பி அடித்தது. அவன் வலது கை அதற்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கையை வெளியே எடுத்தபோது கடைசி இரண்டு விரல்களும் விரல்களாக இல்லை.

துண்டைச் சுற்றிக் கட்டினேன். அவன் சொல்லச் சொல்லப் பாயை இறக்கினேன். உள்ளே குனிந்து போய் ரேடியோவின் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தி, படகின் பெயரையும் இருக்கிற இடத்தையும் சொன்னேன். துறைமுகம் வேறு கப்பல்களோடு பேசுவது எனக்குக் கேட்டது. என் குரலுக்கு மட்டும் பதில் இல்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும். படகு தெற்கே மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "கேக்காது. விட்டுடு" என்றான்.

அப்போதுதான் சொன்னான். போன மாதம் பெயின்ட் அடிக்கப் பாய்மரத்தைக் கழற்றியபோது, கனெக்டரைக் கழற்ற மறந்துவிட்டான். ஆட்கள் மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் நடக்க, கேபிள் அடியோடு பிய்ந்துபோனது. மீதி இருந்தது ரேடியோவுக்கு எட்டவில்லை. வீட்டுப் பரணில் கிடந்த டிவி ஒயரில் ஒரு துண்டை எடுத்து, இரண்டையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டான். அடுத்தவர் பேசுவது கேட்டது. தான் பேசுவது போய்ச்சேருகிறதா என்று யாரையும் கூப்பிட்டுப் பார்க்காமல், அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உடனே தன் தப்புன்னு ஆரம்பிப்பா. என்னால அதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல" என்றான்.

நான் துப்பட்டாவை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில், சதுரங்கப்பட்டினத்துக்கு நேராக ஒரு மீன்பிடிப் படகு எங்களைப் பார்த்தது. தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும்போது ரொம்ப நேரமாகிவிட்டிருந்தது. மத்தியானமே வந்திருந்தால் ஒரு விரலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரம், கேபிள், டிவி ஒயர், எதையும் மறைக்கவில்லை. அவர் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அடியில இன்னும் அரையடி லூஸா விட்டிருந்தா அது பிஞ்சிருக்காது. இறுக்கமா வெச்சது நான்தான்" என்றார்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் என் பங்குக்கு, நான் நச்சரித்திருக்காவிட்டால் போயிருக்கவே மாட்டோம் அண்ணி என்றேன். நீ சின்னப் பொண்ணு, நீ என்ன பண்ணுவ என்று என் தலையைத் தடவினார். எனக்கு இருபத்தாறு வயது. மனசு லேசானது. அப்படி லேசானதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணி அந்தக் கதையைச் சொன்னார். போதகரிடம், தன் ஆபீஸ்காரர்களிடம், பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களிடம். ரேடியோ வேலை பார்க்கிறவள் நான், கேபிளை நான்தான் போட்டேன், இடம் விடாமல் போட்டுவிட்டேன் என்பார். அண்ணன் இடையில் புகுந்து, இல்லை, நான் செய்த கோளாறு அது என்பான். வந்தவர்கள் அவனைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். பெண்டாட்டியை எவ்வளவு தாங்குகிறான் என்று அதற்கு அர்த்தம். அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அண்ணி தொழில் தெரிந்தவர், அவரே சொல்கிறபோது வேறு யார் பேச்சு எடுபடும்?

சூசைகூட ஒருமுறை வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "நீ பத்தடி வுட்டிருந்தாலும் பிச்சிகினுதான் போயிருக்கும்மா. மரத்தையே தூக்கிகினு போய்ட்டாங்க" என்றார். அண்ணி அவருக்குக் காபி கொடுத்தார். அவர் போன பிறகு, நல்ல மனுஷன், என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றார் என்றார்.

அண்ணன் கோவளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். இடது கையால் எழுதப் பழகினான். அண்ணி பேசத் தொடங்கியதும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவான். அம்மா ஒருநாள் உறவுக்காரி ஒருத்தியிடம், படிச்சவள்னு கட்டி வெச்சோம், புருஷன் விரலை எடுத்துட்டா என்று சொன்னது என் காதில் விழுந்தது. அது அண்ணி காதிலும் விழுந்திருக்கும். அவர் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. சரியான விலாசத்துக்குத் தபால் வந்துவிட்டது போல ஒரு அமைதி. அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு அண்ணியைப் பார்த்துப் பயமாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி, என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, ஆலயம் முடிந்து எல்லோரும் எங்கள் தாம்பரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அண்ணன் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். அண்ணி பாயசப் பாத்திரத்தோடு நின்றபடியே ஆரம்பித்தார். அதெல்லாம் என்னால வந்தது பெரியம்மா, அரையடி லூஸா...

"போதும்" என்றான் அண்ணன்.

அவன் சத்தம் போடவில்லை.  வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"டிவி ஒயரை முறுக்கினது இந்தக் கை. அடிபட்டதும் இந்தக் கை. உனக்கு இதுல ஒண்ணும் இல்ல. என் தப்பை என்கிட்டயே குடுத்துடு. அதை வெச்சுக்கிட்டு நான் எப்படியாவது பொழைச்சுக்கறேன்."

அண்ணி பாயசப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நீ இப்படி எல்லாத்தையும் எடுத்துக்குவேன்னுதான் அன்னைக்கு உன்கிட்ட நான் சொல்லல" என்றான்.

அந்த வார்த்தை அண்ணிக்குள் எங்கே போய் விழுந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் வாய் திறந்தது. அப்படியானால் அதுவும் என் தப்புதான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அண்ணி அதைச் சொல்லவில்லை. அவனையே பார்த்துக் கேட்டார்.

"டிவி ஒயரையா போட்டீங்க?"

விஷயம் அவருக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் சொன்னதுதான். இத்தனை வருஷமாக அதை அவர் பார்க்கவே இல்லை. தன் அரையடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது வேற ஜாதிக் கேபிள். அதுக்கும் இதுக்கும் சேரவே சேராது. அதைப் போய் முறுக்கி... பத்தவைக்கக்கூட இல்லாம, வெறும் டேப்பைச் சுத்தி... அதை நம்பி இவளையும் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போனீங்களா?" குரல் ஏறிக்கொண்டே போனது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு சாயங்காலத்துல சரி பண்ணிக் குடுத்திருப்பேன். உங்க விரல் இருந்திருக்கும். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் அது?"

அண்ணி ஒருவரைத் திட்டி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெரியம்மா எச்சில் கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன், "ஆமா" என்றான். மூடிய கதவைப் பார்த்து மறுபடியும், "ஆமா" என்றான். ஒரு மனுஷன் திட்டு வாங்கி அவ்வளவு ஆறுதலடைந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அண்ணி அவனோடு பேசவில்லை. அதற்கடுத்த வாரம் பேசினார், ஆனால் கோபமாக. மாதக்கணக்கில் அந்தக் கோபம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் மாடிக்குப் போவது குறைந்தது. ஒருநாள் அவனே கோவளத்துக்குப் போய்ப் படகைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்தான். மறுபடியும் கேபிள் போட வேண்டும் என்று அண்ணியிடம் கேட்டான். அண்ணி போட்டுக்கொடுத்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன்.

வேலை முடிந்து கரையில் உட்கார்ந்திருந்தபோது, சூசையின் புது மருமகன் வந்து பேச்சுக் கொடுத்தான். விவரம் தெரியாதவன். அண்ணன் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டான்.

அண்ணன், என் கவனக்குறைவுப்பா என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னான். நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னான். பையன் உச்சுக்கொட்டிக்கொண்டு கேட்டான்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கேபிள் என்ற வார்த்தை வந்தபோது அவர் உடம்பு முன்னால் வந்து மறுபடி பின்னால் போனது. அண்ணன் சொல்லி முடித்துவிட்டான். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையனை அழைத்துக்கொண்டு அண்ணன் படகுப் பக்கம் போன பிறகுதான் மூச்சை விட்டார்.

"என்ன அண்ணி, முடியலையா?" என்றேன்.

"ரொம்பக் கஷ்டமா இருக்குடி, சும்மா இருக்கறது" என்றார்.